சத்தம் குறைந்த ஃபேன்

சென்ற மாதம் எங்கள் பழைய சர்வீஸ் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. சிறுசேரியில் வேலை பார்க்கும் ஒருவர், ஏதோ ஒரு கேம் சென்டர் மூடியபோது விற்ற பழைய கார் ரேஸ் மெஷினை வாங்கித் தன் ஃபிளாட்டின் ஹாலில் வைத்திருக்கிறார். தேய்ந்துபோன ஃபேனைக் கழற்றி, இதற்குப் பதிலாக எதைப் போடலாம் என்று கேட்டிருந்தார். என்னோடு வேலை பார்த்த பிரபு அதைக் குழுவில் போட்டிருந்தான். மெஷினை ஓட்ட வேண்டாம், பிளக்கைப் பிடுங்கி வைக்கச் சொல், ஃபேனில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல் என்று பதில் எழுதினேன்.

"ஒரு ஃபேனுக்கு இவ்ளோ பயமா சார்?" என்றான் பிரபு.

"சேகர் சார் ரிட்டயர் ஆயிட்டாரு, அவர் பயம் இன்னும் டூட்டியில இருக்கு" என்று இன்னொருவர் எழுதினார். நாலைந்து பேர் சிரிக்கும் பொம்மை போட்டார்கள்.

சரியாகத்தான் சொன்னார்கள். அந்தப் பயம் எந்த நாளில் வந்தது என்று எனக்குத் தெரியும். அதை இவர்களில் யாருக்கும் நான் முழுதாகச் சொன்னதில்லை.

டிப்ளமா முடித்து, மூன்று வருஷம் குரோம்பேட்டையில் டி.வி. பழுதுபார்த்துவிட்டு, கேம் மெஷின்களை வெளிநாட்டிலிருந்து வாங்கி சென்டர்களில் வைத்துப் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். இருபத்தாறு வருஷம் அங்கேயே. முதல் இரண்டு வருஷம் பட்டன், ஜாய்ஸ்டிக், காசு போடும் பெட்டி, இவ்வளவுதான் என் வேலை. மூன்றாவது வருஷம் பின்கதவின் சாவியைக் கொடுத்தார்கள்.

முன்னால் இருந்து பார்க்கிறவர்களுக்கு அது விளையாட்டுச் சாமான். பின்கதவைத் திறந்தால் பழைய காலத்துப் பிக்சர் டியூப், பவர் சப்ளை, டிரான்ஸ்ஃபார்மர், போர்டுகள், அவற்றுக்கு நடுவே கட்டுக்கட்டாக ஒயர். இவை எல்லாமே சூட்டைக் கக்குகிறவை. அந்தச் சூட்டை வெளியே தள்ள உள்ளங்கை அகலத்தில் ஒரே ஒரு ஃபேன். அது திடீரென்று நின்றுவிடாது. முதலில் காலையில் போட்டதும் ஐந்து நிமிஷம் கரகரக்கும். பிறகு நாள் முழுக்கக் கரகரக்கும். இறக்கைகளில் தூசு கம்பளி போலப் படியும். வேகம் குறையும். எங்களில் பலர் அதன் நடுவில் இருக்கும் ஸ்டிக்கரை உரித்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு இன்னும் ஒரு மாதம் ஓட்டுவார்கள்.

ஹெலன் மேடம் வந்த பிறகு அந்தப் பழக்கம் நின்றது. குரோம்பேட்டையில் இருந்த கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் எங்கள் சீஃப் என்ஜினியர். அதற்கு முன் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் வாக்கியத்தை மெதுவாக, இரண்டாம் முறை சொல்வார். பின்கதவு திறந்த மெஷின் முன்னால் நிற்கும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். ஒரு கைதான் உள்ளே போகும். ஷாக் அடித்தாலும் கரண்ட் ஒரு கையில் நுழைந்து நெஞ்சு வழியாக மறு கைக்குப் போய்விடக்கூடாது என்பதற்காக. எங்களையும் அப்படியே பழக்கினார்.

ஃபேன் மாற்ற அவர் வகுத்த முறை இது. பிளக்கைச் சுவரிலிருந்து நீங்களே பிடுங்க வேண்டும். பிடுங்கிய பிளக் வேலை முடியும்வரை உங்கள் கண்ணில் பட வேண்டும். ஸ்விட்சை ஆஃப் செய்தேன் என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வதை ஏற்கக்கூடாது. பிக்சர் டியூபில் தேங்கியிருக்கும் கரண்ட்டை, எர்த் ஒயர் கட்டிய ஸ்க்ரூ டிரைவரால் இறக்க வேண்டும். 'டப்' என்று ஒரு சத்தம் வரும். அதன் பிறகே உள்ளே கை. பழைய ஃபேனின் லேபிளில் இருப்பதை ஒரு எழுத்து விடாமல் ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். புதியதன் லேபிளைப் பக்கத்துக் கட்டத்தில். இரண்டும் ஒத்துப்போனால்தான் பொருத்த வேண்டும். பொருத்தியதும் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, காற்று நுழையும் ஓட்டையில் காட்ட வேண்டும். புகை நூல் பிடித்தாற்போல் உள்ளே இழுபட வேண்டும். பிறகு கதவை மூடி ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, திறந்து, புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

"மேடம், நீங்க ஞாயித்துக்கிழமை சர்ச்சு, மத்த நாள் ஆறும் ஊதுபத்தியா?" என்று ஒர்க்‌ஷாப்பில் கேலி செய்வோம்.

"மெஷினுக்கு மதம் கிடையாது. புகை எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க" என்பார்.

பத்துப் பதினைந்து வருஷம் முன்பு ஒரு காணும் பொங்கல். பெருங்களத்தூர் பக்கம் ஒரு வணிக வளாகத்தின் மேல்தளத்தில் எங்கள் சென்டர். அங்கே இருந்ததிலேயே பெரிய மெஷின், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டும் மூடிய கார். கூரை உண்டு, இரண்டு பக்கமும் கதவு உண்டு. உள்ளே முழுக்க ஸ்பாஞ்சும் ரெக்சினும். ஜப்பானில் செய்தது. அந்த ஊர் கரண்ட் நூறு வோல்ட். நம் ஊர் இருநூற்று முப்பதை நூறாகக் குறைக்க ஒரு டிரான்ஸ்ஃபார்மர், சீட்டுக்கு அடியில். அதன்மேல் ஒரு சின்னப் பட்டன் மாதிரி கட்-அவுட். சூடு ஏறினால் அது மெஷினை நிறுத்திவிடும்.

ஃபேன் தேய்ந்திருந்ததால் அந்தக் கட்-அவுட் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை மெஷினை நிறுத்தியது. ஆட்டத்தின் நடுவே திரை இருண்டால் சண்டை வரும். பொங்கலுக்கு ஐந்து நாள் முன்பு நான் ஒரு காரியம் செய்தேன். இரண்டு அங்குலம் சிவப்பு ஒயரை வெட்டி, கட்-அவுட்டின் இரு முனைகளையும் இணைத்தேன். அதாவது, இனி எவ்வளவு சூடு ஏறினாலும் மெஷின் நிற்காது. புது ஃபேன் வந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மேடத்திடம் சொல்லவில்லை.

காணும் பொங்கலன்று காலை ஒன்பது மணிக்கு, ஒர்க்‌ஷாப் அலமாரியிலிருந்து எடுத்த ஒரு புது ஃபேனோடு போனேன். அதே அளவு. திருகு ஓட்டைகள் அப்படியே பொருந்தின. சென்டர் திறக்கும் நேரம் பத்தரை. ஆனால் வண்டலூர் ஜூவுக்குப் போகிற கூட்டம் காலையிலேயே எங்கள் வாசலிலும் சேர்ந்துவிட்டதால், மேனேஜர் சம்பத் ஒன்பதே முக்காலுக்கு ஷட்டரைத் தூக்கினார்.

சீட்டுக்குப் பின்னால் குனிந்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, பழைய ஃபேனை எடுத்துப் பையில் போட்டேன். புதியதன் இரண்டு ஒயர்களை முறுக்கி, டேப் சுற்றி, கரண்ட் கொடுத்தேன். சுற்றியது. கையை நீட்டினேன், காற்று வந்தது. ஊதுபத்தியை எடுத்தபோது சம்பத் தடுத்தார்.

"பப்ளிக் இருக்காங்க சார். புகையைப் பாத்தா பயந்துருவாங்க. அழகா ஓடுது பாருங்க, சத்தமே இல்ல. இதுவரைக்கும் மிக்ஸி மாதிரி இருந்துச்சு."

நானும் அந்தச் சத்தக் குறைவில் கொஞ்சம் பெருமைப்பட்டேன் என்பதை மறைக்கப் போவதில்லை. கதவை மூடித் திருகினேன். சிவப்பு ஒயர் உள்ளேயே இருந்தது. முதல் இரண்டு பிள்ளைகள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்த வாரம் எல்லா சென்டருக்கும் தன்னால் வர முடியாது என்பதால், மேடம் ஆளுக்கு ஐந்து தாள் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். 'மெஷின் பரிசோதிக்கப்பட்டது, பாதுகாப்பானது' என்று அச்சடித்த தாள். அதில் ஒன்றில் தேதியை நிரப்பிச் சம்பத்திடம் கொடுத்துவிட்டு, பத்து மணிக்கு இறங்கினேன்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டிகள் நகரவில்லை. பஸ் இரும்புலியூரைத் தாண்டவே ஒரு மணி நேரம் ஆனது. ரெஜிஸ்டரை இப்போதே எழுதிவிடலாம் என்று பையிலிருந்து பழைய ஃபேனை எடுத்தேன். லேபிளின் மேல் தூசு. கட்டை விரலால் தேய்த்தேன். 100 V என்று இருந்தது.

பேனாவை எடுத்து அதை எழுதினேன். பக்கத்துக் கட்டத்தில் புதியதன் லேபிளை எழுத வேண்டும். அது என்ன என்று யோசித்தேன். 230 V.

அந்த லேபிளை நான் பார்க்காமல் இல்லை. காலையில் அலமாரியிலிருந்து எடுக்கும்போதே பார்த்தேன், படித்தேன். நம் ஊர் கரண்ட் இருநூற்று முப்பது, ஆகவே சரி என்று மனசு சொல்லிவிட்டது. டிரான்ஸ்ஃபார்மருக்கு அப்புறம் இருக்கிற ஒயரில் நூறுதான் வருகிறது என்பது என் வீட்டு விலாசம் போல எனக்குத் தெரிந்த விஷயம். இருநூற்று முப்பது கேட்கும் ஃபேனுக்கு நூறு கொடுத்தால் சுற்றும். சோம்பலாக, சத்தமில்லாமல். கையை நீட்டினால் காற்றுகூட வரும். ஒரு தூசித் துணுக்கு தடுத்தால் நின்றுவிடும்.

மற்றதையும் யோசித்தேன். நின்றால் சூடு ஏறும். சூடு ஏறினால் நிறுத்த வேண்டிய கட்-அவுட்டை நானே ஊமையாக்கி வைத்திருக்கிறேன். டிரான்ஸ்ஃபார்மருக்கு மேலே மரப்பலகை, அதன்மேல் ஸ்பாஞ்ச், அதன்மேல் ரெக்சின், அதன்மேல் ஒரு பிள்ளை. ஒரு ஆட்டம் நான்கு நிமிஷம். இந்த ஒரு மணி நேரத்தில் இருபது பிள்ளைகளாவது ஏறி இறங்கியிருக்கும். சத்தம் அதிகம் என்பதால் இரண்டு கதவையும் சாத்திவிட்டுத்தான் விளையாடுவார்கள்.

சம்பத்துக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். சென்டர் ஆபீஸின் லேண்ட்லைன் மணி அடித்து அடித்து அறுந்தது. மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் அமுதாவின் நம்பர் என்னிடம் இருந்தது. டூட்டி நேரத்தில் ஊழியர்கள் போனை லாக்கரில் வைக்க வேண்டும் என்பது அங்கே விதி. ஆனாலும் அடித்தேன்.

மேடத்தைக் கூப்பிட எனக்கு எட்டு நிமிஷம் ஆனது. வேலை போய்விடும் என்ற எண்ணம் அந்த எட்டு நிமிஷத்தைச் சாப்பிட்டது. அந்த நிமிஷங்களை நான் பிற்பாடு கைபேசியில் பார்த்துத்தான் கணக்கிட்டேன்.

"மேடம், பெருங்களத்தூர் கார்ல 230 ஃபேன் போட்டுட்டேன்."

"டிரான்ஸ்ஃபார்மருக்கு அப்புறமா?"

"ஆமாம் மேடம்."

"சரி. கட்-அவுட் நிறுத்திடும். பதட்டப்படாதீங்க."

மடியில் இருந்த ரெஜிஸ்டரை மூடினேன்.

"சேகர், கட்-அவுட் இருக்குல்ல?"

"ஷார்ட் பண்ணி வெச்சிருக்கேன் மேடம்."

மறுமுனையில் ஒர்க்‌ஷாப்பின் டிரில்லிங் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "ஷார்ட் பண்ணி வெச்சிருக்கீங்க" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "நான் அங்க போன் பண்ணிக்கிட்டே இருக்கேன். நீங்க ஓடுங்க."

பஸ்ஸிலிருந்து குதித்து, தாம்பரம் ஸ்டேஷன் வரை வண்டிகளுக்கு நடுவே ஓடினேன். தெற்கே போகும் ரோட்டில் போனால் அதே நெரிசல், ரயில்தான் வழி. செங்கல்பட்டு ரயில் வர பதினாறு நிமிஷம் என்று போர்டில் இருந்தது. பிளாட்ஃபாரத்தில் பலூன் வைத்திருந்த பிள்ளைகளைப் பார்க்காமல் இருக்க, தண்டவாளத்துக் கற்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சம்பத்தின் நம்பரை இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை அடித்தேன். ரயில் வந்தது. பெருங்களத்தூர் அடுத்த ஸ்டேஷன். வளாகம் கண்ணில் பட்டதும் முதலில் மேல்தளத்து ஜன்னல்களில் புகை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. வாசலில் ஃபயர் இன்ஜின் இல்லை. ஆனாலும் கால் நிற்கவில்லை.

உள்ளே போனபோது மணி பன்னிரண்டு ஐந்து. காரைச் சுற்றிக் கூட்டம். நடுவில் அமுதா நின்றிருந்தார். நாற்பது வயது, முடிச்சூர்க்காரர். பிளக்கைக் கையில் பிடித்திருந்தார். எதிரே சம்பத். பக்கத்தில் ஒரு அப்பா, அவர் கையைப் பிடித்துக்கொண்டு எட்டு வயதுப் பெண்ணும் அதன் தம்பியும்.

"லைன்ல நாப்பது பேர் நிக்கிறாங்க. யாரைக் கேட்டுப் புடுங்கினே?" சம்பத்.

"கொயந்தைங்களே சீட்டு சுடுதுன்னு சொல்லுச்சுங்க சார். கை வெச்சுப் பாத்தேன். ஜுரம் வந்த ஒடம்பு மாறி கொதிக்குது. யாரைக் கேக்கறது? நீங்க வேணா உக்காந்து பாருங்க."

"ஏசி பத்தலம்மா, அதான் சூடு. பிளக்கைச் சொருகு."

"நான் சொருவ மாட்டேன். வேலைய விட்டு தூக்குனாலும் சொருவ மாட்டேன்."

"கெலிக்கிற நேரத்துல நிறுத்திட்டாங்க" என்று அந்தப் பையன் அழுதுகொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெண் தொடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து பார்த்தேன். லேசான சிவப்பு, கொப்புளம் இல்லை. அமுதாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து, "அண்ணா, தப்பா பண்ணிட்டேனா?" என்றார்.

பின்கதவின் திருகுகளைக் கழற்றினேன். அவசரத்தில் ஒரு திருகு கீழே விழுந்து உருண்டது. கதவு திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. கருகின ரப்பர் வாசனை. ஃபேனின் இறக்கையில் தூசுக் கட்டி சிக்கியிருந்தது, அது எப்போதோ நின்றிருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மருக்கு மேலே இருந்த பலகை கறுத்து, அதன் இடுக்கில் தெரிந்த ஸ்பாஞ்ச் ஒரு கையளவு பழுப்பாகி, ஓரத்தில் உருகி நூல் நூலாகத் தொங்கியது. இன்னும் எவ்வளவு நேரம் தாங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. சிவப்பு ஒயரின் மேல்தோல் இளகி, என் விரல் பட்டதும் ஒட்டிக்கொண்டது.

"அமுதா பண்ணினது சரி. தப்பு நான் பண்ணினது" என்று சம்பத்திடம் சொன்னேன். அந்த அப்பா என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார், பழுப்பு ஸ்பாஞ்சைப் பார்த்தார், இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒன்றரைக்கு மேடம் வந்தார். ஒர்க்‌ஷாப்பில் கிடந்த உடைந்த மெஷினிலிருந்து நூறு வோல்ட் ஃபேன் ஒன்றும், புதுக் கட்-அவுட்டும் கொண்டுவந்திருந்தார். முதல் வேலையாக அமுதாவிடம் போய், "தேங்க்ஸ்" என்றார். அதற்கு அமுதா, "சாப்ட்டீங்களா மேடம்?" என்றார்.

கருகிய பலகையையும் ஸ்பாஞ்சையும் எடுத்தோம். ஃபேனை நான் பொருத்தினேன். மேடம் இடது கையை முதுகில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு திருகையும் பார்த்தார். திட்டவில்லை. லேபிளை என்னைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். ஊதுபத்தியின் புகை நேராக உள்ளே இழுபட்டது. ஃபேன் கரகரவென்று கத்தியது.

"கதவு மூடி, ஆள் உள்ள இருக்கிற மாதிரி ஓட்டணும்" என்றார்.

"யார் உக்கார்றது மேடம்?" என்று கேட்டது சம்பத்.

நான் ஏறி வலது சீட்டில் உட்கார்ந்தேன். பலகை மாற்றிய இடம் எனக்கு நேர் கீழே. கதவைச் சாத்தப் போனபோது, மறுபக்கக் கதவு திறந்தது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மேடம் இடது சீட்டில் ஏறினார். ஐம்பது வயதுக்கு மேல், மூட்டு வலி உள்ளவர். கால்களை மடக்கி உள்ளே கொண்டுவரச் சிரமப்பட்டார்.

"மேடம், நீங்க வேண்டாம்."

"அந்தத் தாள்ல இருக்கிறது யார் கையெழுத்து?"

வெளியே யாரோ சிரித்தார்கள். "மேடம், யாரு ஜெயிக்கிறாங்கன்னு சொல்லுங்க" என்றார் சம்பத். அமுதா சிரிக்கவில்லை. பிளக்கின் மேல் கை வைத்தபடி சுவரோரம் நின்றார். இரண்டு கதவும் சாத்தப்பட்டன.

உள்ளே திரையின் வெளிச்சம் மட்டும். கார்கள் தாமாகவே ஓடிக்கொண்டிருந்தன. என்ஜின் உறுமல், டயர் சத்தம், கூட்டத்தின் ஆரவாரம், எல்லாம் ஸ்பீக்கரிலிருந்து. அதற்கு நடுவே ஃபேன் ஓடுகிறதா என்று கேட்கப் பார்த்தேன், கேட்கவில்லை. பிள்ளைகளுக்கும் கேட்டிருக்காது. தொடைக்கு அடியில் லேசான சூடு தெரிந்தது. அது என் உடம்புச் சூடா, மெஷினுடையதா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. பத்து நிமிஷத்துக்குப் பிறகு ஒவ்வொரு வாசனையும் கருகல் வாசனையாகத் தெரிந்தது. வேர்த்தது. பக்கத்தில் மேடத்தின் மூச்சு வேகமாக வந்தது.

"உடம்பு சரியில்லையா மேடம்?"

"மூடின இடம் எனக்கு ஆகாது. லிஃப்ட்லகூட ஏற மாட்டேன்" என்றார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பேசாதீங்க. பேசினா இறங்கிடுவேன்."

அவருடைய இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தன. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. ஒவ்வொரு ஆட்டத்தின் நான்கு நிமிஷமும் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அமுதா கதவைத் தட்டித் திறந்தார். "ஒரு மணி நேரம் ஆச்சுண்ணா." வெளிக் காற்று முகத்தில் பட்டது. சீட்டைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். ஒரு காலை வெளியே வைத்தேன்.

"சேகர்" என்றார் மேடம். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியிருந்தும் அவர் துடைக்கவில்லை. கை ஸ்டீயரிங்கை விடவில்லை. "காலைல நீங்க மூடிட்டுப் போனதுலேர்ந்து இவங்க பிளக்கைப் புடுங்கின வரைக்கும் எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம் மேடம்."

"அப்ப இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு" என்றார். "அமுதா, கதவை மூடுங்க."